முக்திநாத் பயணத்துக்கு வாடகை ஆக்சிஜன் செறிவூட்டி: மேலே போனால் வேலை செய்யுமா?

காவிரிக்கரை (ஆகஸ்ட் 28, காலை)

அம்மாவுக்கு 67 வயது. பதினைந்து ஆண்டுகளாக இளைப்பு. இன்ஹேலர் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். வீட்டில் இதுவரை ஆக்சிஜன் வைக்க நேர்ந்ததில்லை. நூற்றெட்டு திவ்ய தேசங்களில் இந்தியாவுக்கு வெளியே இந்த மண்ணில் இருப்பது சாளக்கிராமம், அதாவது நேபாளத்து முக்திநாத் ஒன்றுதான். கால் நடக்கும்போதே சேவித்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாகப் பிடிவாதம். அக்டோபரில் அழைத்துப் போகிறேன்.

திருச்சியில் ஒரு கடையில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், கையில் தூக்கிச் செல்லும் செறிவூட்டியை வாடகைக்குத் தருகிறார்கள். எடை இரண்டரைக் கிலோவுக்குள். "ஐந்து லிட்டர் மெஷின், இமயமலை என்ன, எங்கே வேண்டுமானாலும் கொண்டு போங்கள்" என்கிறார் கடைக்காரர். பயண ஏற்பாட்டாளரோ, "எதற்கு வீண்செலவு, எங்களிடம் ஆக்சிஜன் டப்பா இருக்கிறது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? போய் வந்தவர்களும் கருவி தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

நடைப்பித்தன் (ஆகஸ்ட் 28)

2018இல் போய் வந்தேன். ஒரு பொட்டலம் கற்பூரம் போதும், அவ்வப்போது முகர்ந்தால் மூச்சு திறக்கும். எங்கள் குழுவில் நாற்பது பேர், எல்லோரும் கற்பூரத்தோடுதான் ஏறினோம். டப்பாவும் இருந்தது, இரண்டு பாட்டிகளுக்கு அடித்தோம், உடனே முகம் தெளிந்தது. முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜொம்சொம் ஊர் வரை விமானத்திலேயே போங்கள், சாலை படுமோசம்.

கருவிக்காரன் (ஆகஸ்ட் 28, இரவு)

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில், பத்தொன்பது ஆண்டுகளாக. அம்மா விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த "ஐந்து லிட்டர்". கையில் தூக்கும் கருவியில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். அவை லிட்டர் அல்ல. அந்தக் கருவி தொடர்ந்து ஆக்சிஜனை ஊற்றுவதில்லை. நீங்கள் மூக்கால் மூச்சை இழுக்கும் கணத்தை உணர்ந்து ஒரு சிறு வீச்சு தரும். ஐந்தாம் எண்ணில் வைத்தாலும் இந்த எடையுள்ள கருவிகள் பலவும் நிமிடத்துக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் தயாரிக்கின்றன. மூச்சு வேகம் கூடினால் அதே ஒரு லிட்டரைத்தான் கூடுதல் மூச்சுகளுக்குப் பங்கு போடும், ஒவ்வொரு வீச்சும் சிறுத்துவிடும். மூச்சு முட்டுகிறவர் வாயால் இழுப்பார்; அதைச் சில சமயம் கருவி உணரவே உணராது. ஆபத்து நேரத்தில்தான் இது கைவிடும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

அடுத்தது உயரம். உள்ளே ஜியோலைட் என்ற குருணை நிரப்பிய உருளைகள் இருக்கின்றன. காற்றை அழுத்தி அதற்குள் தள்ளினால் நைட்ரஜன் குருணையில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் தப்பித்து மறுபக்கம் வரும். அழுத்தத்தை விட்டால் ஒட்டிய நைட்ரஜன் உதிர்ந்துவிடும். சில நொடிக்கு ஒருமுறை இதேதான். உயரத்தில் கம்ப்ரசர் ஒரு தடவை இழுக்கும் காற்றில் சரக்கே குறைவு. அதே விசிறி, அதே மோட்டார், ஆனால் உள்ளே போவது மெலிந்த காற்று. விளைச்சலும் குறையும், தூய்மையும் குறையும். போதாக்குறைக்கு மெலிந்த காற்று மோட்டாரைச் சரியாகக் குளிர்விக்கவும் செய்யாது.

அதனால் இவ்வகைக் கருவிகள் பலவற்றின் கையேட்டில் 10,000 அடி என்று எல்லை போட்டிருப்பார்கள். அதாவது 3,048 மீட்டர். ஜொம்சொம் விமான நிலையம் ஏறத்தாழ 2,740 மீட்டர். முக்திநாத் கோயில் 3,700க்கு மேல். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: தேவை குறைவான இடத்தில் ஓடும், தேவை கூடும் இடத்தில் உத்தரவாதம் இல்லை. வீட்டில் வைக்கும் பெரிய கருவிகளுக்கே உலக சுகாதார நிறுவனம் வகுத்த தரக்குறிப்பு 2,000 மீட்டரைத்தான் அளவாக வைக்கிறது.

கடையில் அந்தக் கையேட்டைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் கருவியையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

காவிரிக்கரை (ஆகஸ்ட் 29)

இன்று போய்க் கேட்டேன். கையேடு இல்லை, தொலைந்துவிட்டது என்றார். தயாரிப்பாளரின் தளத்தில் நானே தேடி எடுத்தேன். 0 முதல் 10,000 அடி, 5 முதல் 40 டிகிரி. நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது, ஐயா. வயிற்றைக் கலக்குகிறது.

அப்படியானால் டப்பாதானா?

அவசர ஊர்தி முருகன் (ஆகஸ்ட் 29)

டப்பாவை முதலில் தூக்கி எறியுங்கள். ஊர்தியில் பதினோரு வருடம் ஓடியவன் சொல்கிறேன். அந்த டப்பாவில் பத்து லிட்டர் என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறுகிறவருக்கு நிமிடத்துக்கு நாலு லிட்டர் வைத்தால் இரண்டரை நிமிடம். அவ்வளவுதான். முகம் தெளிந்தது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். உட்காரவைத்து, நாலு பேர் விசிறிவிட்டு, டப்பாவையும் காட்டினால் யாருக்கும் முகம் தெளியும். விமானத்திலும் அதை ஏற்ற விட மாட்டார்கள்.

சிலிண்டர் கணக்கு எளிது. சிலிண்டரின் கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். பி டைப் சிலிண்டர் 10 லிட்டர் கொள்ளளவு, 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை மணி நேரம், 4 என்றால் ஆறே கால் மணி. கையில் பிடிக்கும் 2 லிட்டர் சிறிய சிலிண்டர் 300 லிட்டர் தரும்; 2 லிட்டரில் இரண்டரை மணி நேரம். கடைசி 20 பாரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒன்று. சிலிண்டர் இருக்கும், வாயுவை அளவாக விடும் ரெகுலேட்டர் இருக்கும், சிலிண்டரைத் திறக்கும் சாவி இருக்காது. நடுரோட்டில் ஒரு பெரியவர் நீலம் பாரிக்கும்போது சாவியைத் தேடி வண்டி முழுக்கக் கிளறியவன் நான். அன்றிலிருந்து சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டிவிடுகிறேன். ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு சிறு வாஷர் உண்டு. அது நசுங்கியிருந்தால் இரவு முழுக்க சீறிக்கொண்டே காலியாகிவிடும். கூடுதலாக இரண்டு வாஷர் பையில் போடுங்கள், விலை ஒரு டீ காசுதான். வால்வைத் திறக்கும்போது மெதுவாகத் திறக்க வேண்டும். எண்ணெய்க் கை, தேங்காய் எண்ணெய் தடவிய விரல், இவற்றோடு தொடவே கூடாது. அழுத்த ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பற்றும்.

நடைப்பித்தன் (ஆகஸ்ட் 29)

நாற்பது பேரும் உயிரோடுதான் திரும்பினோம். பயமுறுத்தினால் யாரும் வீட்டை விட்டே கிளம்ப முடியாது.

பனிமுகடு (ஆகஸ்ட் 30)

தம்பி, நாற்பது பேர் திரும்பியது நல்லது. கற்பூரம் ரத்தத்தில் ஒரு துளி ஆக்சிஜனையும் கூட்டாது. மூக்கில் குளிர்ச்சி தெரியும், நன்றாக இழுக்கிறோம் என்ற நினைப்பு வரும். அந்த நினைப்புதான் கீழே இறங்க வேண்டிய ஆளை மேலே நடக்க வைக்கிறது.

ராணுவ மருத்துவப் பிரிவில் லடாக்கில் இரண்டு முறை பணி செய்தவன் நான். உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோயை உலகம் புரிந்துகொண்டதில் நம் படைவீரர்களின் பங்கு பெரியது. 1962 போரின்போது சமவெளியிலிருந்து நேராக மேலே கொண்டுபோனார்கள். இந்தர் சிங் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 332 பேரின் விவரங்களை 1965இல் வெளியிட்டார்கள். திடகாத்திரமான இளைஞர்கள். உடம்பு வலுவுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை, ஏறிய வேகத்துக்கும் அதற்கும்தான் சம்பந்தம். 820 மீட்டரில் இருக்கும் போக்ரா நகரில் காலையில் இட்லி, 2,740 மீட்டர் ஜொம்சொமில் இறங்கி, மதியமே 3,700 என்று ஓடும் பயணத் திட்டங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கருவிகளைப் பற்றி, குளிரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரெகுலேட்டரோடு ஒரு தண்ணீர் பாட்டில் மாட்டித் தருவார்களே, ஈரப்பதத்துக்கு, அது இரவில் உறைந்து வழியை அடைத்துவிடும். நிமிடத்துக்கு 4 லிட்டர் வரை அந்தப் பாட்டில் இல்லாமலே கொடுக்கலாம். மூக்கு கொஞ்சம் வறளும், அவ்வளவுதான். மூக்குக் குழாயின் பிளாஸ்டிக் விறைத்து மடிந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும், சட்டைக்குள் விட்டுச் சூடாக வைத்திருங்கள். லித்தியம் பேட்டரி குளிரில் பாதியிலேயே ஓய்ந்துவிடும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் நிரந்தரமாகவே கெடும். இரவில் பேட்டரியைக் கம்பளிக்குள் அம்மா பக்கத்தில் படுக்கவையுங்கள்.

இன்னொன்று, சிலிண்டர் முள். போக்ராவில் 30 டிகிரியில் 150 காட்டியது, மேலே விடியற்காலை 2 டிகிரியில் 136 காட்டும். கசிவு என்று அலறாதீர்கள். குளிரில் வாயுவின் அழுத்தம் குறைகிறது, சரக்கு அப்படியே இருக்கிறது. வெயில் ஏறினால் முள்ளும் ஏறும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் குளிர்ந்த விரலில் பொய் சொல்லும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நேர் வெயில் படாமல் மறைத்து, எண் நிலைத்தபின் படியுங்கள். புதிதாக ஏறியவருக்கு அந்த உயரத்தில் 85, 88 என்று இருப்பது சாதாரணம்தான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் தொடங்கினால், நடை தள்ளாடினால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இறங்க வேண்டும். ஆக்சிஜன் எல்லாம் இறங்கும் வழிக்குத்தான்.

தேனிக்காரி (ஆகஸ்ட் 30)

மலையேறிகள் ஏதோ பைக்குள் ஆளைப் படுக்கவைத்துக் காற்றடிப்பார்களே, அது என்ன? அதை வாடகைக்கு எடுக்க முடியாதா?

பனிமுகடு (ஆகஸ்ட் 30)

காமோ பை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருந்த இகோர் காமோ என்பவர் செய்தது. நோயாளியை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடி, கால் பம்பால் காற்றடித்தால் வெளியைவிட ஏறத்தாழ 100 மி.மீ. பாதரசம் அழுத்தம் கூடும். ஆளை அசைக்காமலே ஆயிரத்து ஐநூறு மீட்டரோ அதற்குச் சற்று மேலோ கீழே இறக்கிய மாதிரி. மின்சாரம் வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். எவரெஸ்ட் பாதையில் பெரிசேயில் இமாலய மீட்புச் சங்கம் நடத்தும் மருத்துவச் சாவடி போன்ற இடங்களில் இதை நம்பியிருக்கிறார்கள்.

ஆனால் நிறுத்தாமல் பம்பு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விட்ட மூச்சே தேங்கும். 4,300 மீட்டரில் அரை மணி நேரம் பம்பு மிதித்தவனுக்கு யார் நோயாளி என்பதே மறந்துபோகும். உங்கள் பாதையில் ஜீப் இருக்கிறது. பை தேவையில்லை, ஜீப்பைத் திருப்பினால் போதும்.

ஈரோட்டு மயில் (ஆகஸ்ட் 31)

மின்சாரமும் வேண்டாம் சிலிண்டரும் வேண்டாம் என்றால் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பை வாங்கிக்கொள்ளலாமே? ஆயிரம் ரூபாய்தான்.

மயக்கவியல் மாணவி (ஆகஸ்ட் 31)

வேண்டாம், அண்ணா. விழித்திருந்து மூச்சு வாங்குகிறவர் முகத்தில் பழக்கமில்லாதவர் அதை வைத்து அழுத்தினால் வயிற்றில் காற்று ஏறி வாந்தி வரும், அது நுரையீரலுக்குள் போகும். மூச்சு நின்றவருக்கான கருவி அது.

ஆனாலும் கடுமையான இடங்களுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது என்பேன். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோன் இப்சன் என்ற மருத்துவரின் யோசனைப்படி ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்துக் கையாலேயே பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். அந்தப் பைகள் விரிய சிலிண்டர் வாயு வேண்டியிருந்தது. தானாகவே விரிந்துகொள்ளும் பை, அதாவது அம்பு பை, 1956இல் அதே டென்மார்க்கிலிருந்து வந்தது. குளிரில் ரப்பர் கொஞ்சம் விறைக்கும், வால்வில் எச்சில் உறையலாம். கெட்டுப்போக வேறு எதுவும் அதில் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எடுத்துச் செல்லும் வென்டிலேட்டர்களும் உயரத்தில் குணம் மாறுகின்றன. வாயு அழுத்தத்தாலேயே இயங்கும் பழைய வகையில், தரையில் 500 மி.லி. என்று வைத்தது மேலே அதைவிடக் கூடுதலாக உள்ளே போகும், மூச்சு எண்ணிக்கை குறையும். விசையாழி வைத்த புதிய வகையில் வளிமண்டல அழுத்தத்தை அளந்து தன்னைத் திருத்திக்கொள்வதும் உண்டு, திருத்தாமல் குறைவாகத் தருவதும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பெட்டி. வென்டிலேட்டருக்காகத் தொண்டை வழியே விடும் குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனும் அப்படித்தான்: முக்திநாத்தில் 10 மி.லி. காற்று அடைத்துப் போக்ராவுக்கு இறக்கினால் அது 7 மி.லி. ஆகச் சுருங்கும், பக்கவாட்டில் கசியும். ஹெலிகாப்டர் மேலே ஏறும்போது பலூன் வீங்குவதைப் பாடத்தில் படித்தோம். இறங்கும்போது சுருங்குவதைப் பேராசிரியர் ஒருவர் கேட்டபோது வகுப்பில் ஒருவருக்கும் பதில் வரவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

காவிரிக்கரை அக்கா, போகும் முன் அம்மாவுக்கு நுரையீரல் பரிசோதனை செய்து, உயரத்துக்கான மாத்திரை வேண்டுமா என்று அவருடைய மருத்துவரையே கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கருவிக்காரன் (ஆகஸ்ட் 31)

பதில்கள் நல்ல திசையில் போகின்றன. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஜொம்சொம் இருக்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பிறகு காற்று எழும்பிவிடும், அதனால்தான் விமானமெல்லாம் காலையிலேயே ஓடுகிறது. அந்தக் காற்று ஆற்றுப்படுகை மணலை அள்ளி வீசும். செறிவூட்டியைக் கொண்டுபோவதானால் காற்று நுழையும் வடிகட்டியைத் தினமும் கழற்றித் தட்டுங்கள், ஜீப்பில் ஓட்டும்போது கால்பக்கம் தூசியில் வைக்காதீர்கள். கழுவினால் நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். ஈரம் ஜியோலைட்டுக்கு எமன்.

அவசர ஊர்தி முருகன் (செப்டம்பர் 1)

சாலை வழியே போனால் போக்ராவிலேயே சிலிண்டர் வாடகைக்கு எடுக்கலாமா என்று விசாரியுங்கள். விமானத்தில் சொந்த சிலிண்டரை எடுத்துப்போகலாம் என்று எண்ண வேண்டாம். ஜீப்பில் நிமிர்த்தி வைக்காமல், படுக்கவைத்துக் கட்டுங்கள். உருளும்படி வைக்கக் கூடாது.

காவிரிக்கரை (அக்டோபர் 24)

திரும்பிவிட்டோம். போய் வந்ததை எழுதுகிறேன்.

விமானத்தை விட்டுவிட்டுச் சாலையில் போனோம். வழியில் தாதோபானியில் ஓர் இரவு, ஜொம்சொமில் இரண்டு இரவுகள். ஏற்பாட்டாளர் முகம் சுளித்தார். தனி ஜீப்புக்கு நாங்களே பணம் கொடுத்தோம். போக்ராவில் பி டைப் சிலிண்டர் ஒன்றும் ரெகுலேட்டரும் கிடைத்தன. சாவி இல்லை! முருகன் சார் எழுதியதைப் படித்திருந்ததால் கடையை விட்டு நகரவில்லை. அரை மணி நேரம் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். வாஷரும் நசுங்கித்தான் இருந்தது. திருச்சியிலிருந்து கொண்டுபோனதை மாட்டினோம்.

செறிவூட்டியையும் எடுத்துப் போயிருந்தேன், பணம் கட்டிவிட்டதால். ஜொம்சொமில் ஒழுங்காக ஓடியது, இரவில் அம்மா இரண்டாம் எண்ணில் வைத்துத் தூங்கினார். மூன்றாம் நாள் காலை சிலிண்டர் முள் 137க்கு வந்திருந்தது. அப்பா கசிவு என்று கத்தினார். நான் பனிமுகடு ஐயாவின் பதிவைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

கோயிலுக்குக் கீழே ராணிப்பௌவாவில் ஜீப் நின்றதும் செறிவூட்டியை ஓட்டினேன். பத்து நிமிடத்தில் மஞ்சள் விளக்கு, பீப் பீப் என்று சத்தம். அணைத்துப் பையில் போட்டுவிட்டேன். அம்மாவின் விரல் 82 காட்டியது; பேசினார், இருமல் இல்லை. ஜீப்பிலேயே உட்காரவைத்து சிலிண்டரில் 2 லிட்டர் இருபது நிமிடம் கொடுத்தோம், 91 ஆயிற்று. பிறகு குதிரையில் மெதுவாக மேலே. நூற்றெட்டு தாரைகளிலும் நனைய விடவில்லை. ஒவ்வொன்றிலும் விரலை நீட்டித் தலையில் தெளித்துக்கொண்டார். பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்து, "இன்னும் இரண்டு பாக்கி. பாற்கடலும் பரமபதமும். அதற்கு உன் சிலிண்டர் வேண்டாம்" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியத்துக்குள் ஜொம்சொமுக்கு இறங்கிவிட்டோம். இரவு 89.

பனிமுகடு (அக்டோபர் 24)

மிக நல்லது அம்மா. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம்?

காவிரிக்கரை (அக்டோபர் 24)

போக்ராவில் திருப்பிக் கொடுக்கும்போது 125 காட்டியது. வழியில் எங்களோடு வந்த இன்னொரு குழுவில் ஒரு பெரியவருக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தோம். அவர்களிடம் டப்பாக்கள் பதினாறு இருந்தன.

கருவிக்காரன் (அக்டோபர் 25)

செறிவூட்டியின் வடிகட்டி எப்படி இருந்தது?

காவிரிக்கரை (அக்டோபர் 25)

கறுப்பு நிறத்தில் கொண்டுபோனேன், சாம்பல் நிறத்தில் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார். நான் கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்சிட்டு அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.